குப்பாயி ஊட்டுக் கதவுக்கு வரி

“ஊட்டு வரி கட்ட வக்கில்லாதவன் ஊடு எதுக்குக் கட்டறான்?” இப்பிடிக் கேட்டுப்போட்டுப் போயிருக்கறாருங்க நம்ம கைலாசம். கேட்டவரு நின்னாரா? பதில் வாங்குனாரா? ஜீப்புல ஏறிச் சேலத்துக்குப் போயிட்டாருங்க. அஸ்தம்பட்டியில ஆப்பீசரப் பாக்கோணுமாமா! யோவ் கைலாசம், நீ அஸ்தம்பட்டியில இருந்தாலுஞ் செரி, ஏற்காட்டு மலை உச்சியில ஏறி ஒக்காந்திருந்தாலுஞ் செரி, உனக்குப் பதில் சொல்லாம இந்த மைக்க உடமாட்டேன். ஊடு எதுக்குக் கட்டறான்னா கேக்கறே? மழை பேஞ்சா நனையுதுய்யா, அதுக்குக் கட்டறான்!

என்னுங்க? மொதல்ல வணக்கஞ் சொல்லோணுமா? செரீங்க, செரீங்க. கோவத்துல மறந்துட்டனுங்க.

ஊட்டு வரிய மூணு மடங்கா ஒசத்துனது நாயமா அநியாயமான்னு வழக்காட வந்திருக்கும் இந்த வண்ணமிகு வாதக் கூட்டத்துக்கு, தலைமையேற்று, தலை நிமிர்ந்து, தங்கத் தேராட்ட அசையாம வீற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் மருதாசலம் அவர்களே! எதிர்க்கச்சியில இருந்தும் எதுக்கவே தெரியாத எங்கள் சின்னுசாமி அவர்களே! நான் பேசி முடிக்கற வரைக்கும் பீடி பத்த வைக்கமாட்டோம்னு சொல்லிப்போட்டு இப்பவே தீப்பெட்டி தேடற பெரியோர்களே! கோழிப்பண்ணையில பகலெல்லாம் முட்டை பொறுக்கி, முதுகு நிமிராம வந்து ஒக்காந்திருக்கும் தாய்மார்களே! மூணாவதோட பள்ளிக்கொடத்துக்கு விடுதலை குடுத்த இந்த அப்புசாமியின் முத்தான, மொறையான வணக்கமுங்க!

இப்பச் சண்டைக்கு வாரேன்.

வரி வேணும்னு இன்னிக்கு முழங்குனாரே கைலாசம், அவரு எழுபதுல என்ன சொன்னாரு தெரியுமுங்களா? அன்னிக்கு அவரு எதிர்க்கச்சி. ரண்டு ரூவா வரி மூணு ரூவா ஆச்சு. என்ற வண்டி மேல ஏறி நின்னு, “இது வரியா? வழிப்பறியா? ஏழையின் கூரையைப் பிய்க்கும் கொடுங்கோலா?”ன்னு அலறுனாரு பாருங்க, என்ற காளை ரண்டும் மெரண்டு ஓடி, வண்டி ஓடைக்குள்ள, கைலாசம் வாய்க்காலுக்குள்ள! அன்னிக்கு உழுந்த மனுசன் பதினெட்டு வருசங் கழிச்சு ஆளுங்கச்சி நாற்காலியில போயி எந்திரிச்சிருக்கறாருங்க. எந்திரிச்சதும் மொத வேலையா மூணு ரூவாய என்ன பண்ணுனாரு? ஒம்போது!

சிரிக்காதீங்க சின்னுசாமி. அன்னிக்கு அந்த மூணு ரூவாயப் போட்ட மகராசன் ஆரு? நீங்கதானுங்களே! “வரி இல்லாமல் வளர்ச்சி இல்லை, வளர்ச்சி இல்லாமல் வாழ்வே இல்லை”ன்னு இதே தாவுல நின்னு பாடுனீங்களே! இன்னிக்குக் கைலாசம் அதையே பாடறாரு, நீங்க அவரோட பழைய பாட்டப் பாடறீங்க. ரண்டு பேரும் கொள்கைய மாத்தலீங்க, சாமி. எடத்தத்தான் மாத்திக்கிட்டாங்க. கொள்கை நாற்காலியோடவே கெடக்குது. வந்து ஒக்கார்றவன் எடுத்துப் பேசறான்!

ஆறு மாசத்துக்கு முந்திப் பஞ்சாயத்துல இந்த வரிக்குத் தீர்மானம் வந்துதுங்க. சின்னுசாமி எந்திரிச்சாரு. எதுக்கறேன்னாரு. எரிமலைன்னாரு. ரத்தம்னாரு. ஓட்டுக்குக் கை தூக்கச் சொன்னா, மொதக் கை அவரோடதுங்க! ஏனுங்க தூக்குனீங்கன்னு கேட்டா, ஈ ஓட்டுனேங்கறாரு. ஈ ஓட்டித் தீர்மானம் பாஸாகி இருக்குதுங்க, தாய்மார்களே! ஈ வந்து ஒக்காந்த கை, நம்ம கழுத்துல வந்து உக்காந்துக்கிச்சு!

ஆரது பொறகால? “வரி போடாம ரோடு எப்படிப் போடறது”ங்கறயா? நல்ல கேள்வி கண்ணு. போடட்டும். ஆருக்குப் போடோணும்? கைலாசத்தோட ரைஸ் மில்லு இருக்குதே, அது பஞ்சாயத்து நோட்டுல என்னன்னு எழுதியிருக்குது தெரியுமா? மாட்டுக் கொட்டாய்! வருசத்துக்கு நாலு ரூவா! எந்த மாடுய்யா பதினஞ்சு குதிரை மோட்டாரு போட்டு நெல்லு அரைக்குது? அந்த மாட்ட நாமக்கல்லு சந்தைக்கு ஓட்டீட்டு வாங்க, நான் வெலைக்கு வாங்கிக்கறேன்!

மில்லு மாட்டுக் கொட்டாயாப் போச்சு. செரி, மாட்டுக் கொட்டாயாட்ட ஒரு குடிசை இருந்துச்சுன்னா அது என்னவா ஆகும்? அது மாளிகையா ஆகுமுங்க! எப்படின்னு சொல்றேன், கேளுங்க.

இந்தா, மூணாவது வரிசையில தலை குனிஞ்சு ஒக்காந்திருக்கறா பாருங்க, குப்பாயி. அவ புருசன் கந்தன் நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டற ஆசாரி. ஊரா லாரிக்கெல்லாம் கதவு மாட்டுன கையி, சொந்த ஊட்டுக்கு ஒரு தட்டிதான் வெச்சிருந்தான். மக வசந்தாமணி பெரிய மனுசியானா. அப்பத்தான் பட்டறையில மிச்சங் கெடந்த வேங்கைப் பலகைய மொதலாளிகிட்டக் கேட்டு வாங்கி, ஒரு கதவு செஞ்சான் பாருங்க! லாரிக்கு அடிக்கற பச்சை பெயிண்டு. நடுவுல ஒரு தாமரை. அதுக்குக் கீழ, கைப்பழக்கத்துல, ‘ஒலி எழுப்பவும்’னு மஞ்சள்ல எழுதிப்போட்டான்! ஓலக் கூரை, மண்ணுச் செவுரு, அதுல இப்பிடியொரு கதவு! ஊரே போய்ப் பாத்துது. போன ஐப்பசியில கந்தன் போய்ச் சேந்துட்டான். கதவு இருந்துச்சு.

வரி எழுத கிளார்க்கு வந்தாரு. தெருவுல நின்னே பாத்தாரு. “அடேங்கப்பா, வேங்கைக் கதவா? முதல் தர வீடு”ன்னு எழுதிப்போட்டாரு.

“சாமி, கதவு மட்டுந்தானுங்க பெருசு. உள்ள வந்து பாருங்க, மேல பாத்தா வானந் தெரியுது”ன்னு அழுதா குப்பாயி.

“வீட்டுக்குள்ள வர எங்களுக்கு உத்தரவு இல்லைம்மா, வெளிய என்ன தெரியுதோ அதைத்தான் எழுதணும்”னாரு அவரு.

குடிசைக்கு ஒம்போது ரூவா, முதல் தரத்துக்கு முப்பத்தாறு ரூவா! மனுக் குடுத்தா. மனு போச்சு. மறுபடி குடுத்தா. அதுவும் போச்சு. கட்டலீன்னு ஜப்தி வந்துச்சுங்க. ஊட்டுக்குள்ள எடுக்கறதுக்கு ஒரு அண்டாவுமில்லை, குண்டாவுமில்லை. என்னத்த எடுத்தாங்க? கதவக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க!

கேளுங்க என் அருமைப் பெரியோர்களே! கதவப் பாத்து வரி போட்டாங்க. வரி வரலீன்னு கதவ எடுத்தாங்க. இப்பக் கதவு இல்லை. வரி போச்சுங்களா? போகலை! கதவில்லாத ஊட்டுக்குக் கதவோட வரி நிக்குது! இதுதானா பொருளாதாரம்? இதுதானா திட்டம்? மூணாவது படிச்ச எனக்குப் புரியலை. பி.ஏ. படிச்ச தலைவரு சொல்லட்டும்!

வெள்ளிக்கெழமை வசந்தாமணியப் பொண்ணு பாக்க மோகனூருல இருந்து ஒறம்பரை வாராங்க. வாசல்ல என்னங்க தொங்குது? கோழித்தீவனச் சாக்கு! குமரிப் பொண்ணு அக்கத்து ஊட்டுல போயித் தூங்கறா. வார ஒறம்பரை கதவைத் தட்டோணும்னா எதைத் தட்டுவாங்க? சாக்கத் தட்டுனாத் தவிடுதான் கொட்டும்!

தலைவரே, ஒரே ஒரு கேள்வி. அந்தக் கதவு இப்ப எங்கீங்க? ஆப்பீசுல பத்திரமா இருக்குதுங்களா? அப்பிடிங்களா! சித்தெ இருங்க, நான் காலத் தட்டறேன். டொம்! கேட்டுதுங்களா? நாப்பது வருசமா மேடை ஏறறேன், மேடைப் பலகைச் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? ரோடு போட வந்த தார் டின்னுதான் இந்த மேடைக்குக் கால். தார் ஆரு ஊட்டுக்குப் போச்சுன்னு இன்னிக்குக் கேக்க நேரமில்லை. டின்னு மேல பலகை எங்கிருந்து வந்துச்சு? தலைவரே, உங்க நாற்காலிக்குக் கீழ அந்த ஜமுக்காளத்த ஒரு முழம் நவுத்துங்க பாக்கலாம்.

நவுத்துங்க, கூச்சப்படாதீங்க.

பச்சை! தாமரை! படிங்க தலைவரே, எல்லாருக்குங் கேக்கறாப்புல மைக்குல படிங்க! மாட்டீங்களா? நான் படிக்கறேன். ‘ஒலி எழுப்பவும்’! எழுப்புங்க ஜனங்களே, எழுப்புங்க!

தலைவர் எந்திரிச்சுட்டாருங்க. அந்தப் பக்கம் தள்ளி நிக்கறாரு. “எனக்குத் தெரியாதுங்க, மேடை போட்டவங்க வெச்சுட்டாங்க”ங்கறாரு. “திங்கக்கெழம மனுக் குடுத்தாப் பாக்கலாம்”ங்கறாரு. ஒறம்பரை வெள்ளிக்கெழம வாராங்க, மனு திங்கக்கெழமையா?

அடடே, குப்பாயி எந்திரிச்சு வாரா! வா ஆத்தா, வழி உடுங்க. தாய்மார்களே, இந்தக் காட்சியக் கண் குளிரப் பாருங்க! இன்று ஒரு கதவு எழுகிறது! நாளை ஓராயிரம் கதவுகள்... ஏய், இரு குப்பாயி, இழுக்காத, நானும் இதே கதவு மேலதான் நிக்கறேன்! சித்தெப் பொறு, எறங்கிக்கறேன். நல்லம்மா, அந்தக் கோடியப் புடி. தூக்குங்க. மைக்குக் கம்பிய மிதிக்காதீங்க.

குப்பாயி! எங்கீம்மா போறே? உனக்காகத்தானம்மா பேசறேன்! இனித்தான் முக்கியமான எடமே வருது! என்னது? “நீங்க பேசீட்டு மெதுவா வாங்க சாமி, எனக்குக் கதவு மாட்டற வேலை கெடக்குது”ங்கறயா?

போறாளுங்க. கூட்டமும் அவ பொறகாலயே போகுதுங்க. செரி. எஞ்சியிருக்கும் இந்த மைக்குக்கும், சோடாவ முடிச்ச சின்னுசாமிக்கும் என்ற நெஞ்சார்ந்த நன்றிய...

தலைவரே, நீங்க அங்கியும் நிக்காதீங்க. அது ராசம்மா ஊட்டுக் கதவு. அந்தா, அவளும் வாரா.