சர்தார் பாஷாவின் வண்டி மெத்தை

உட்காரச் சொன்னீர்களே, சந்தோஷம் ஐயா. எங்கள் தெருவுக்கு போலீஸ் வந்தால் முதலில் என் வாசலில் நின்றுதான் விசாரிப்பார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதெல்லாம் கோவிந்தம்மாளைக் கேட்டால் போதும் என்று ஆம்பூர் முழுக்கப் பெயர். ஊரார் அதை வம்பு என்பார்கள், நான் அக்கறை என்பேன். இன்றைக்கு நீங்கள் கேட்காமல் நானே நடந்து வந்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தோல் பதனிடுகிற ஷாப்பில் கோணி தைக்கிறேன். பதமான தோலைக் கட்டாகக் கட்டி மதராஸுக்கு ரயிலேற்றும்போது மேலே சாக்கு சுற்றுவார்களே, அந்தத் தையல். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. பிள்ளை இல்லை. பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியிருக்குமே என்று சொல்கிறேன்.

பக்கத்து வீடு வண்டிக்கார சர்தார் பாஷாவுடையது. கோலார்ப் பக்கத்திலிருந்து பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டு, மைசூர் சமஸ்தானத்து எல்லையைத் தாண்டி, மலைப்பாதை வழியாக ஆம்பூருக்கு வருவார். சொந்த வண்டி, சொந்த மாடு. மாடுகளிடம் உருதுவில் பேசுவார், எங்களிடம் தமிழில். மாடுகளுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி என்று தெருவில் சிரிப்போம். பெண்சாதி அக்தர் பானு. முக்காடு கண்வரைக்கும் இறங்கியிருக்கும், குரல் மட்டும் தெருமுனை தாண்டும். அவர்களுக்கு ஒரே பெண், சுகரா.

சுகராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்து வந்தேன். கொல்லை வேலியில் ஒரு குழந்தை நுழைகிற சந்து இருந்தது. அடைத்துவிடு, நாய் வரும் என்றார்கள். நான் அடைக்கவில்லை. விடிந்ததும் அந்த வழியாக வந்து, "பெரிம்மா, இன்னா சோறு" என்று கேட்கும். அம்மா கூப்பிடக் கூப்பிட என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தூங்கும்போது என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கும். அதை உருவிக்கொண்டு எழ மனம் வராமல் உட்கார்ந்தே இருந்து, வேலைக்குப் பிந்திப் போய் மேஸ்திரியிடம் பலமுறை ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

ஒருநாள் கிணற்றடியில் அக்தர் பானு சொன்னாள்:

"அக்கா, எங்க அண்ணன் கோலார்ல தோல் மண்டி போடறாரு. வண்டியோட வந்துடுங்க, பங்கு தர்றேன்றாரு. ரம்ஜான் போனதும் பொட்டி படுக்கைய ஏத்திக்கினு கெளம்பிடுவோம்."

"சுகரா?"

"அத இன்னா உங்கிட்ட வுட்டுட்டா போவேன்? நல்லா கேட்ட போ."

சிரித்தாள். நானும் சிரித்தேன். குடம் நிரம்பி வழிந்தது தெரியாமல் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். மச்சான் கூப்பிட்டது சர்தார் பாஷாவை அல்ல, அவருடைய வண்டியையும் மாட்டையும். அவை இரண்டும் இல்லாவிட்டால் இவர்கள் ஆம்பூரிலேயே இருப்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லாத விஷயமாகத்தான் எனக்குப் பட்டது.

மைசூர்ச் சீமையில் சந்தன மரம் யார் கொல்லையில் முளைத்தாலும் மகாராஜாவுக்குச் சொந்தம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டிக் கொண்டுவந்தால், கட்டையோடு விடமாட்டார்கள். ஏற்றிவந்த வண்டியும் பூட்டிய மாடும் சர்க்காருக்குப் போய்விடும். அதற்கு முந்தின வருஷம் எங்கள் ஊர் மண்டி முதலாளி ஒருவரின் வண்டி அப்படித்தான் போயிற்று. அவருக்கு என்ன ஆயிற்று? எனக்கு ஒன்றுமே தெரியாது என்று கைவிரித்தார், அபராதத்தைக் கட்டினார், அடுத்த கல்யாணத்தில் பிரியாணி பதம் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஆக, தண்டனை வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை என்று தெரிந்துகொண்டேன். அன்று அந்த வண்டியை ஓட்டிவந்தவன் என்ன ஆனான் என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஊரில் எல்லாவற்றையும் கேட்கிறவள் அதைக் கேட்காமல் விட்டேன்.

ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் என் தம்பி சாமிநாதன் இருக்கிறான். அங்கே விறகோடு விறகாகச் சந்தனமும் இறங்குவதுண்டு. சாமிக்கு அரைக்கக் கொஞ்சம் வேண்டும் என்றேன்.

"இவ்ளோ அரைச்சா சாமிக்கே சளி புடிக்கும்க்கா," என்றான். ஆனாலும் கொடுத்தான். அவன்மேல் தப்பில்லை, அவனை இழுக்காதீர்கள்.

சர்தார் பாஷாவுக்கு நெடுநாளாக இடுப்பு வலி. மலைப்பாதையில் வெறும் பலகைமேல் உட்கார்ந்து வந்தால் யாருக்கும் வரும். அவருக்கு ஒரு மெத்தை தைத்தேன். நல்ல கோணி, கீழே வைக்கோல், நடுவில் சந்தனச் சிராய்களும் கட்டைகளும், மேலே மெத்தென்று மறுபடி வைக்கோல். தோல் கட்டுக்குப் போடுகிற இரட்டைத் தையல் போட்டேன். உப்புப் போட்ட பச்சைத் தோல் நாற்றத்தில் சந்தனம் எங்கே மணக்கப்போகிறது? உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"கூடப் பொறந்தவகூட எனக்கு இப்டி செஞ்சதில்லக்கா. இனிமே கோலார் என்ன, காசிக்கே போவலாம்."

போகும்போது எவனும் பார்க்கமாட்டான். வரும்போதுதான் சோதனை. அவர் கோலார் போயிருந்த சமயம், எல்லைச் சோதனைச் சாவடிச் சேவகன் பெண்சாதியிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்: "பாஷா உக்கார்ற மெத்தையில இன்னா வாசனடி, கோயிலுக்குள்ள போன மாரி." புகார் என்று நான் எதுவும் கொடுக்கவில்லை. வழக்கமாகப் பேசுவதைத்தான் பேசினேன்.

மெத்தையைக் கிழித்தார்கள். வண்டியும் மாடும் போயின. நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. ஆளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதுதான் நினைக்காதது. முதலாளி வீட்டில் இருந்தார், எனக்குத் தெரியாது என்று சொல்ல முடிந்தது. சந்தனத்தின்மேலேயே உட்கார்ந்து வந்தவன் எப்படிச் சொல்வான்?

மாஜிஸ்திரேட் கச்சேரியில் கூட்டத்தோடு நானும் நின்றேன். இது யார் தைத்தது என்று கேட்டார்கள். அவர் ஒருமுறை என் பக்கம் பார்த்தார்.

"நான்தான் தெச்சேன் எஜமான்," என்றார்.

சட்டைப் பொத்தானுக்குக்கூட நூல் கோக்கத் தெரியாதவர். நான் முன்னால் போயிருக்கலாம். கூட்டம் நெருக்கியடித்து நின்றது.

வேலூர் ஜெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் மடியில் தலைவைத்து அழுதாள் அக்தர் பானு. "ஏன் அப்டி சொன்னன்னு கேட்டேன்க்கா. 'எவனோ அந்தக் கோணில ஒளிச்சி வெச்சிருப்பான், அது தெரியாம அக்கா பாவம் தெச்சிடுச்சி. ஒரு பொம்பளைய கச்சேரி படி ஏத்தச் சொல்றியா'ன்றாரு." நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். சுகரா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எதற்கு அழுகிறார்கள் என்று அதற்குத் தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஜெயிலில் பேதி கண்டது. சர்தார் பாஷாவைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகாவது இருப்பார்கள் என்றுதான் எண்ணினேன். என்னைவிட்டால் அவளுக்கு யார்? அண்ணன் வந்து நின்றான். ரயிலில் அழைத்துப் போனான். ரயிலில் போவதற்கு வண்டியும் மாடும் வேண்டாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை, தோல் கட்டை ரயிலேற்றித்தானே இத்தனை வருஷம் சோறு தின்றேன். ஸ்டேஷனில் அக்தர் பானு என்னைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லாட்டி நாங்க எப்பவோ செத்திருப்போம்க்கா," என்றாள். குழந்தை ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டியது. முந்தானையைத்தான் தேடியது என்று நினைக்கிறேன். எட்டவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. சந்தனத்தை வாங்கியது நான். மெத்தைக்குள் வைத்துத் தைத்தது நான். சாவடிக்குத் தெரிய வைத்தது நான். பிடிபட்டவர் குற்றமற்றவர். கைநாட்டு எங்கே வைக்க வேண்டுமோ வைக்கிறேன். ஆனால் என் வார்த்தையை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. சாட்சி வேண்டும். மெத்தை என் கையால் தைத்தது என்று சொல்ல அக்தர் பானுவைத் தவிர ஆள் கிடையாது. சம்மன் அனுப்பினால் வந்துதான் தீரவேண்டும். விஷயம் தெரிந்தால் கோபப்படுவாள், சபிப்பாள், இருக்கட்டும். குழந்தையைக் கோலாரில் விட்டுவிட்டு வரமாட்டாள், அது எனக்குத் தெரியும். இந்த ஊரில் தங்க அவர்களுக்கு என் வீடு தவிர வேறு வீடு ஏது?

தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் ஐயா. சுகராவுக்குக் கேழ்வரகு தோசை என்றால் உயிர், மாவு அரைத்து வைக்கவேண்டும்.