நண்டு மேரியின் நடை

அட, உங்க கண்ணு மேல ஒண்ணும் தப்பு இல்ல பாய். நானேதான், நண்டு மேரி. டிவியில கொஞ்சம் குண்டா தெரிவேன், நேர்ல இன்னும் கொஞ்சம் குண்டா இருக்கேன், அவ்ளோதான் வித்தியாசம். செல்ஃபி எறங்கும்போது எடுத்துக்கலாம். நீங்க ரோட்டப் பாருங்க. கண்ணாடியில என்னையே பாத்துக்கினு ஆட்டோ ஓட்டுனீங்கன்னா ரெண்டு பேரும் லாரிக்கு அடியிலதான் போஸ் குடுக்கணும்.

அந்தப் பையா? அது பின்னால வேணாம், மடியிலயே இருக்கட்டும். பலகாரம் இல்ல பாய், பலகாரமா இருந்தா வாலாஜா வர்றதுக்குள்ள ரயில்லயே தீந்திருக்கும்.

எங்க போவணும்னா, ரயில்வே கேட்டு தாண்டி, மசூதிக்குப் பின்னாடி தெரு. சுகரா பேகம்னு ஒருத்தங்க. முன்னாடி ஷூ கம்பெனியில வேல பாத்தவங்க. தெரியுமா? அதே தெருவா நீங்க! நல்லதாப் போச்சி. உங்க பேரு? தவ்ஃபீக்கா. சரி தவ்ஃபீக் பாய், நேரா போவாதீங்க. பஜார் பக்கமா ஒரு சுத்து சுத்திப் போங்க. ஊரப் பாத்து நாளாச்சி.

கரெக்டுதான், இதுல பாக்க இன்னா இருக்குது. சும்மா சொன்னேன். பயம் பாய். நாலு கேமரா முன்னாடி மாடியிலருந்து உருண்டு விழச் சொன்னா விழுவேன், அந்தப் பயம் இல்ல. இந்த சுகராகிட்ட நான் ஒரு விஷயம் சொல்லணும். இருவத்திரண்டு வருசமா சொல்லாத விஷயம். சனிக்கெழமைக்குள்ள சொல்லியாவணும். இன்னிக்கு வியாழன் ஆயிடுச்சா.

சனிக்கெழம இன்னான்னா, ஷூட்டிங். நான் நடிக்க வந்து இருவத்திரண்டு வருசம் ஆச்சின்னு டிவியில ஒரு ப்ரோக்ராம் வைக்கிறாங்க. இருவத்தஞ்சு ஆவட்டுமேன்னேன். அது வரைக்கும் இந்த ப்ரோக்ராம் இருக்குமான்னு தெரியாது மேடம்னாங்க. நீங்க இருப்பீங்களான்னு கேக்கல பாருங்க, மரியாத தெரிஞ்ச பசங்க.

அதுல சௌமியான்னு ஒரு பொண்ணு. போன் பண்ணி, மேடம், மேடையில உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு, உங்க பழைய தோஸ்த் சுகரா பேகத்தக் கண்டுபுடிச்சிட்டோம், அவங்க வந்து நிப்பாங்க, நீங்க பாத்ததும் அழணும், அதான் முன்னாடியே சொல்றேன், கொஞ்சம் பழகி வச்சிக்கோங்கன்னுச்சி. சர்ப்ரைஸுக்கு ரிகர்சல்! சுகரா ஒத்துக்கிச்சாம். ஒரே சந்தோஷமாம். அதான் பேஜாரு. வர மாட்டேன்னு திட்டி அனுப்பியிருந்தா எனக்கு எவ்ளோ ஈசியா இருந்திருக்கும்!

அவ பக்கத்துல நிக்கும்போது என்னைக் கேப்பாங்க, மேடம் இந்த நண்டு நட உங்களுக்கு எங்கருந்து வந்துச்சின்னு. அத கேக்காத ஆளே கெடையாது. நானும் வாய்க்கு வந்தத சொல்லிக்கினு இருக்கேன். ஒரு பேட்டியில காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில வாத்த மேச்சி கத்துக்கினேன்னேன். நான் வாத்த கொழம்புலதான் பாத்திருக்கேன். இன்னொண்ணுல எங்க மாமியாரப் பாத்து கத்துக்கினேன்னு சொல்லிட்டேன். அது குடியாத்தத்துல ஒக்காந்து டிவி பாத்துக்கினு இருந்துச்சி. ஆறு மாசம் என்கிட்ட பேச்சு இல்ல. அது கூட பரவால்ல, அந்த ஆறு மாசமும் ஒவ்வொரு அடியா யோசிச்சி யோசிச்சி வச்சி நடந்துச்சாம். ரெண்டு தடவ பஸ்ஸ வுட்டுடுச்சி. வேலு, எங்க வீட்டுக்காரரு, நான் ஷூட்டிங்ல இருக்கும்போது தெனம் போன் பண்ணி, ஏண்டி எங்கம்மாவ இப்டி ஆக்கிட்டன்னு கேப்பாரு.

எத்தன படமா? நூத்தி நாப்பது இருக்கும். பத்துல என் பேரு போட்டாங்க. வேலக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, கான்ஸ்டபிளு. ஒண்ணுல பேய். பேயின்னா மெதந்துதான் வரணும்னு கயிறெல்லாம் கட்டுனாங்க. டைரக்டரு, வேணாம், மேரியம்மா மாதிரியே நடந்து வரட்டும்னாரு. பேயப் பாத்து தியேட்டர்ல வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. படம் ஓடல, பேய் ஓடுச்சி. அப்பறம் நாலு வருசம் ஒரு போன் இல்ல. தையல் மிஷின் வாங்கிடலாமான்னு பாத்தேன். அப்பதான் சீரியலு வந்துச்சி. வில்லியோட அக்கா. எண்ணூறு எபிசோடு, அதுல பாதி கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக் கேட்டேன். இப்ப இந்தப் பசங்க போன்ல என் நடய போட்டு ஆடுறாங்க. போன மாசம் ராணிப்பேட்டையில ஒரு கல்யாணம், மாப்பிள்ளையும் பொண்ணும் மண்டபத்துக்குள்ள என் நட நடந்துதான் வந்தாங்க. ஐயரு பயந்துட்டாரு.

உங்க பொண்ணும் நடக்குமா? ஸ்கூல்லயா? மொத பரிசா! கால் வலிக்குதுன்னு சொல்லுச்சின்னா உடனே நிறுத்திடச் சொல்லுங்க. நெஜமாத்தான் சொல்றேன்.

பாய், இது அதே பிரியாணி கடைதான? மூணாவது தடவயா? அதான் கடக்காரரு கைய ஆட்டுறாரு. ஓரமா நிறுத்துங்க, ஒரு டீ குடிக்கலாம். குடிச்சிட்டு நேரா போயிடலாம். சத்தியமா.

சொல்றேன், சொல்றேன். உங்ககிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்தா, அவகிட்ட வாய் வரும்.

அப்ப நான் மேரி இல்ல, மரியம்மாள். அந்தக் கம்பெனியில ஏழு வருசம். நான் லைன்ல பசை தடவுற எடத்துல. சுகரா கடைசி டேபிள்ல, ஜோடி சேக்குற வேல. தச்சி, ஒட்டி, பாலீஷ் போட்டு வர்ற ஷூவெல்லாம் லெஃப்ட்டு ஒரு ரேக், ரைட்டு ஒரு ரேக்குன்னு வந்து நிக்கும். அவ நம்பரு பாத்து, தோல் நெறம் பாத்து ஜோடி சேத்துப் பொட்டியில வைப்பா. நம்பரு ஒண்ணா இருந்தாலும் நெறம் துளி மாறிச்சின்னா சேக்க மாட்டா, வேற எடுப்பா. கல்யாண புரோக்கரு கூட அவ்ளோ பாக்க மாட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே டிபன் டப்பா. அவ கொண்டாந்தா நான் துன்னுவேன், நான் கொண்டாந்தாலும் நாந்தான் துன்னுவேன்.

ஒரு ஞாயித்துக்கெழம சினிமாக்காரங்க வந்தாங்க. ஓனருக்குத் தெரிஞ்சவங்க. கம்பெனிக்குள்ள ஒரு சீனு, நாப்பது பொம்பளைங்க வேணும். பிரியாணி உண்டுன்னாங்க, எம்பது பேரு வந்தோம். என்னை டீ தட்ட எடுத்துக்கினு ஹீரோ முன்னாடி நடந்து போவச் சொன்னாங்க. என் கால்ல பாத்தா ரப்பர் செருப்பு, அதுவும் ஊக்கு குத்துனது. ஷூ கம்பெனியில வேல பாக்குறவளுக்கு ஷூ இல்லியான்னு அந்த அசிஸ்டெண்டு கத்துறான். ரெடி ரெடின்னு அவசரம். ஓடிப் போயி கடைசி டேபிளாண்ட ரேக்குலருந்து ரெண்ட உருவுனேன். கால வுட்டேன், தட்ட தூக்குனேன், நடந்தேன்.

ரெண்டும் லெஃப்ட்டு, பாய்.

நடுவுல நின்னு மாத்த முடியுமா, கேமரா ஓடுது. வலது காலு உள்ளார திரும்புது, நான் வெளியில இழுக்கறேன், தட்டு ஆடுது, நேரா போவணும்னு நெனைக்கறேன், ஒடம்பு சைடுல போவுது. டீ பூரா ஹீரோ சட்டையில. செத்தேன்னு நெனச்சேன். பாத்தா டைரக்டரு வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கிறாரு. யாரும்மா இந்தப் பொண்ணு, நண்டு மாதிரின்னாரு. நாளைக்கே மெட்ராஸ் வா, இன்னும் ரெண்டு சீனு இருக்கு, இதே நட வேணும், துளி மாறக் கூடாதுன்னாரு. நான் இன்னா பண்ணுவேன்? ஷூ இல்லாம அந்த நட வராது. வழக்கமா கேட்டுல தடவிப் பாத்துதான் அனுப்புவாங்க. அன்னிக்கு வாட்ச்மேனும் ஷூட்டிங் பாத்துக்கினு இருந்தாரு. முந்தானையில சுத்தி எடுத்துக்கினு போயிட்டேன்.

ஆமா. அது நடிப்பே இல்ல. வலது கால்ல இடது ஷூ போட்டா யாரா இருந்தாலும் அப்டித்தான் நடப்பாங்க. நீங்க போட்டா நண்டு தவ்ஃபீக்.

ரெண்டு நாள்ல முடிச்சிட்டு வந்து நைசா ரேக்குல வச்சிடலாம்னு கணக்கு. புதன்கெழம திரும்பி வர்றேன், சுகரா ஸ்டூல்ல வேற ஒரு பொண்ணு ஒக்காந்திருக்குது. திங்கக்கெழம காலையில சரக்கு போவும்போது ரெண்டு லெஃப்ட்டு கம்மி, ரெண்டு ரைட்டு மிச்சம். டேபிளு அவளுது, அப்ப திருடி அவதான். வீட்டுக்கு ஆள் அனுப்பி பொட்டியெல்லாம் திறந்து பாத்திருக்காங்க, தெருவே நின்னு வேடிக்க பாத்துதாம். ஏன் பாய், திருடுறவ ஜோடியாதான திருடுவா? ரெண்டு லெஃப்ட்ட வச்சி அவ இன்னா பண்ணுவா? அத்தினி பெரிய கம்பெனியில அத கேக்க ஒரு ஆளு இல்ல. நான் கேட்டிருக்கலாம். என் பையிலதான் இருந்துச்சி. வாயத் தொறந்தா வேல போவும், படமும் போவும். அடுத்த வாரம் சொல்லலாம்னேன். அடுத்த வாரம் இன்னொரு படத்துக்குக் கூப்ட்டாங்க, அதே நடைக்கு.

நடுவுல ஒரு தடவ ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். அடுத்த ரயில்லயே திரும்பிட்டேன். ஒரு தடவ நம்பரு வாங்கி போன் பண்ணேன். ஹலோன்னா. வச்சிட்டேன்.

டீ ஆறிப் போச்சி. போலாம் பாய். இந்தத் தடவ சுத்தாதீங்க.

அவ இப்ப இன்னா பண்றா? வீட்லயே ஷூவோட மேல்தோலு, அப்பர் தைக்கிறாளா? கையாலயா? ஏழெட்டு பேரு வாசல்ல ஒக்காந்தா? உங்க வீட்டம்மாவும் அங்கதானா! டிவி பாத்துக்கினே தைப்பாங்களா? அப்ப என்னையும் பாப்பா. பாத்துட்டு இன்னா, சேனல மாத்திடுவாளா?

மாத்த மாட்டாளா.

ஊசிய கீழ வச்சிடுவாளா? நான் வந்தாவே? ம். வச்சிட்டு?

இன்னா பாய்? இன்னொரு தடவ சொல்லுங்க.

பாருங்கடி, என் ரெண்டு லெஃப்ட்டும் போவுதுன்னுவாளா?

அப்டியேவா சொல்லுவா? எப்பருந்து? உங்க கல்யாணத்துக்கு முன்னாடிலருந்தேவா. யாருக்கும் புரியாதுதான். ஏதோ உருதுல பழமொழின்னு நெனச்சீங்களா! இல்ல பாய். உங்களுக்குத்தான் இப்ப புரிஞ்சிருக்குமே.

அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. மொத படத்துலயே தெரிஞ்சிருக்கும். கண்ண மூடிக்கினு லெஃப்ட்டு ரைட்டு சொல்றவ. தியேட்டருல என் கால அவ்ளோ பெருசா காட்டுனா தெரியாதா? ஊரே மூஞ்சியப் பாத்து சிரிச்சிருக்கும், அவ கால பாத்திருப்பா. நான் ஒருத்தி, வாத்து, மாமியாருன்னு பேட்டி குடுத்துக்கினு இருந்திருக்கேன், அவ அதையும் தச்சிக்கினே கேட்டிருக்கா.

சொல்லாம இருந்துட்டாளே பாய். கம்பெனியில ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ வேல திரும்பி வந்திருக்கும். என்னுது போயிருக்கும்.

சனிக்கெழம மேடைக்கு வர்றேன்னிருக்காளே, அங்க வச்சி சொல்லத்தான் வர்றாளோ? தெரியல. சொன்னா சொல்லட்டும். ஆனா அவ சொல்லி நான் கேக்கக் கூடாது. நான் சொல்லி அவ கேக்கணும்.

வந்துடுச்சா? அந்தப் பச்ச கேட்டா? இங்கயே நிறுத்துங்க, கிட்ட போவாதீங்க. இந்தப் பைய கொஞ்சம் புடிங்க.

ஆமா பாய், அதேதான். முப்பத்தேழாம் நம்பரு, ரெண்டும். சோலு மூணு தடவ மாத்திட்டேன், மேல தோலு அதேதான், இந்த ஊரு தோலு பாருங்க. டாக்டரு இனிமே போடக் கூடாதுன்னுட்டாரு, வலது கால் பெருவெரலு பூரா மடங்கிப் போச்சி. இன்னிக்கு ஒரு நாள். திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன், கையில எடுத்துக்கினு போலாம்னுதான் இருந்தேன். இப்ப போட்டுக்கினே போறேன். கொஞ்சம் தோள குடுங்க. ஆங், ஏறிடுச்சி.

செல்ஃபி எங்க போவுது பாய், மொதல்ல அவ என் மூஞ்சியில இன்னாத்த எறியிறான்னு பாத்துட்டு எடுத்துக்கலாம். ஒரு ஹார்ன் அடிங்க. நல்லா அழுத்தி அடிங்க, எல்லாரும் பாக்கட்டும். அந்தப் பச்ச துப்பட்டாவா அவ? எனக்குக் கண்ணாடி இல்லாம அவ்ளோ தூரம் தெரியாது. தலைய தூக்கிட்டாளா? என் காலையா பாக்குறா?

ஊசி? ஊசிய கீழ வச்சிட்டாளா?

வச்சிட்டா. சரி பாய், நான் நடக்கறேன்.