பின்வரிசை முகம்

மூக்கு தெளிவாகவும் காது மங்கலாகவும் விழுந்த படத்தைப் பதுளையில் ஒருவரும் வாங்கமாட்டார்கள். "என்னங்க, காதைக் காணோம்" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். கடைவீதியில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். காதில்லாமல் திரும்பி வந்த கனவான்கள் இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த மங்கல்தான். லென்சின் துவாரத்தை அகலத் திறந்தால் குறி வைத்த முகம் மட்டும் கூர்மையாக நிற்கும். பின்னால் உள்ளதெல்லாம் பாலில் ஊறிய ரொட்டி மாதிரிக் கரைந்துபோகும். துவாரத்தைச் சுருக்கினாலோ, முன்னால் நிற்கிற பெண்ணின் பொட்டிலிருந்து பின்மலைத் தேயிலைச் செடிவரை ஒன்றுவிடாமல் விழும். இதை மாற்றி மாற்றிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. சிலர் சீட்டாடுவார்கள்.

தொண்ணூற்றேழில் பூனாகலைத் தோட்டத்தில் இராசையா என்ற பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் கமெராவுக்குக் கிட்ட நிறுத்தி, மற்றவர்களைக் கோயில் படிகளில் ஏற்றினேன். கடைசிப் படியில் நின்றவர் தனேஸ்வரன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். துவாரத்தை முழுக்கத் திறந்து அழுத்தினேன். மணமக்கள் செதுக்கி வைத்தமாதிரி விழுந்தார்கள். கடைசிப் படி வெறும் புகை.

கொஞ்ச நாளில் மாஸ்டரைப் பொலிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கல்யாணத்தன்று அவர் கொழும்பில் வெடிகுண்டு ஆட்களோடு இருந்ததாக எவனோ சொல்லிவிட்டான். இல்லை, கல்யாணத்தில்தான் நின்றார் என்று இராசையாவும் லயத்து வீடுகளில் குடியிருந்த தோட்ட ஆட்களும் போய்ச் சொன்னார்கள். "வாத்தியாருக்காக நீங்கள் எதையும் சொல்வீர்கள். அவர் முகம் தெரிகிற படம் இருந்தால் கொண்டுவாருங்கள், விடுகிறேன்" என்றாராம் அதிகாரி.

அப்படித்தான் மாஸ்டரின் மனைவி வதனி என் ஸ்டூடியோவுக்கு வந்தார். படத்தைக் கையில் கொடுத்தேன்.

"இதில இவற்ற முகம் எங்கையண்ணை?"

"கடைசிப் படியில, அந்தப் புகைதாம்மா."

"புகையைக் கொண்டுபோய்க் காட்டினா விடுவாங்களோ?"

நியாயமான கேள்வி. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், இஞ்சி தட்டிய பிளேன்டீ வரவழைத்தேன். "வெள்ளிக்கிழமை வாங்கம்மா, பெருசாக்கிப் பார்க்குறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். பெரிதாக்கியிருந்தேன்; புகையும் பெரிதாகியிருந்தது. அடுத்த வெள்ளி இன்னும் பெரிதாக்கினேன். "இது மூக்கோ, அண்ணை?" என்பார். "மூக்குத்தான்னு நினைக்கிறேன், எதுக்கும் அடுத்த வாரம் வாங்க" என்பேன். இடையில் அவர் மனம் தளராமலிருக்கக் கதை சொல்வேன். நமுனுகுல மலையில் மூடுபனியை மிகக் கிட்டப்போய் எடுத்தேன், படம் கழுவும்போது தட்டிலிருந்து பனி கிளம்பி ஸ்டூடியோவையே மூடிவிட்டது, வெளிநாட்டு வெள்ளைக்காரர் ஒருவர் வழி தெரியாமல் கவுண்டரிலேயே தங்கிவிட்டார் என்றேன். வதனி சிரித்தார். "போங்கோ அண்ணை, புழுகாதேங்கோ." புருஷனைச் சிறையில் விட்டுவிட்டு நிற்கிற ஒரு பெண்ணைச் சிரிக்கவைப்பது சுலபமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். எந்தக் கூட்டத்தையும் நான் இரண்டு தடவை எடுப்பேன். முதலில் துவாரத்தைத் திறந்து, பிறகு சுருக்கி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் விளங்கும். அழகானதை மட்டும் ஆட்களுக்குக் கொடுப்பேன். மற்றதை ஒருவரும் கேட்டதில்லை, அது மேசை லாச்சிக்குப் போகும். பூனாகலையிலும் அப்படித்தான். இரண்டாவது படத்துக்கு வெளிச்சம் போதாது, அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். மேலேயிருந்து மாஸ்டர், "அண்ணை, விட்ட மூச்சுக்கும் சேர்த்து இப்பவே பிடிக்கோணுமோ?" என்றார். எல்லோரும் சிரித்து அடங்கியபின் அழுத்தினேன். அதில் மாஸ்டரின் இமைமயிர்கூடத் தெரிகிறது.

வதனி முதல் நாள் வந்தபோதே அந்த நெகட்டிவ் லாச்சியில் இருந்தது. எனக்கும் தெரியும். அன்றைக்கே கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். மாஸ்டர் வந்திருப்பார், இருவரும் ஊர் போயிருப்பார்கள். என் மனைவி போனபிறகு கடைக்குள் உட்கார்ந்து ஒருவர் தேத்தண்ணி குடித்தது கிடையாது. தப்பாக நினைக்கவேண்டாம், அவர் விரல் நுனியைக்கூட நான் தொட்டதில்லை. இன்னும் ஒரு வெள்ளி என்று நினைத்தேன். ஒவ்வொரு வெள்ளியும் அதைத்தான் நினைத்தேன்.

மழைக்காலம் முடிகிற சமயம், மாஸ்டர் கையெழுத்து வைத்துவிட்டார் என்று செய்தி வந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம். படம் இனி வராது என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். பிறகு பெரிய சிறைக்கு மாற்றினார்கள். அங்கே மஞ்சள்காமாலை கண்டு செத்துப்போனார்.

அவர்கள் வழக்கப்படி செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிப்பார்கள். முகப்பில் போட நல்ல படம் இல்லை என்று கேள்விப்பட்டேன். லாச்சியைத் திறந்து, அந்த இரண்டாவது நெகட்டிவில் மாஸ்டர் நிற்கிற பகுதியை மட்டும் பெரிதாக்கினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு படம் கழுவியதில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, பஸ் பிடித்து, நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.

வதனி படத்திலிருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூலையைப் பார்த்தார். அங்கே மாப்பிள்ளையின் தோளும் மாலையும் கொஞ்சம் விழுந்திருந்தன. வெட்டியிருக்கலாம், படத்துக்கு அது அழகாக இருந்ததால் விட்டேன். அந்த மாலையை அவர் எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்திருப்பார்.

"இது அந்தக் கலியாணம்."

"ஆமாங்க."

"இவ்வளவு நாளும் எங்கையண்ணை இருந்தது?"

"லாச்சியிலம்மா" என்றேன். கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்வதில்லை.

அவர் படத்தை மேசையில் முகம் கீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். அப்படி வைத்தால் கீறல் விழும். நான் எடுத்து நிமிர்த்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. என் கையால் அந்த மனிதருக்கு ஒரு குறையும் வரவில்லை என்ற நிம்மதியோடு பஸ் ஏறினேன்.