வியாழக்கிழமை காபிக்குப் போன வீடு

எங்கள் ஹெல்மர் ஊரில் யார் வீட்டுக்கு யார் சாப்பிடப் போனார்கள் என்பதெல்லாம் ஒரு காலத்தில் பத்திரிகையில் வரும். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும் தம்பி, ஷெரிஃப் உடுப்புப் போட்டிருந்தாலும் நீங்கள் சின்னப் பிள்ளைதான். "ஞாயிறன்று டோர்வால்ட் தம்பதியர் ஸ்வென்சன் பண்ணையில் விருந்துண்டனர்" என்று ஒரு வரி போட்டால் போதும், அதை வெட்டிக் குடும்பப் பைபிளுக்குள் வைத்துக்கொள்வார்கள். கிழக்குச் சாலைப் பண்ணைகளின் செய்தியை வாராவாரம் எழுதி அனுப்பியவள் நான், ஆர்டிஸ் வாலன். வாக்குமூலத்தையும் என் கையாலேயே எழுதித் தருகிறேன். டைப் அடிக்கிறவர்கள் பெயர்களைக் கெடுத்துவிடுகிறார்கள்.

பிற்பாடு காலம் மாறி, விருந்துச் செய்திக்கு மதிப்பு போய்விட்டது. அப்போது ஆசிரியரிடம் நானே போய்க் கேட்டு "அந்த வாரம் நம்மூரில்" பகுதியைத் தொடங்கினேன். பத்து வருடம், இருபத்தைந்து வருடம், ஐம்பது வருடம் முன்பு இதே வாரம் என்ன நடந்தது என்று பழைய இதழ்களைப் புரட்டிப் போடுவது. அதற்காகக் கட்டுக்கட்டாகத் தைத்து வைத்திருந்த இதழ்களை எல்லாம் என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். பத்திரிகை ஆபீசில் கூரை ஒழுகியது என்று காரணம் சொன்னேன். ஒழுகியதும் உண்மைதான். உங்கள் ஞானஸ்நானச் செய்திகூட என் அலமாரியில்தான் இருக்கிறது.

நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றிப் போட்டதில்லை. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

1974 அக்டோபரில் மேவிஸ் ப்ரெக்கி இறந்தது முதல் பக்கத்தில் வந்தது. ஆர்லோ ப்ரெக்கியின் மனைவி. ஆர்லோ வயலிலிருந்து திரும்பியபோது நிலவறைப் படிக்கட்டின் அடியில் கிடந்தாள். தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை ஜோலின் அழுது தொண்டை கட்டிப்போய் இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் சர்ச் விருந்தில் எல்லோர் முன்னாலும் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டிருந்தார்கள். ஒரு டிராக்டர் விஷயம். அது போதாதா? அப்போதைய ஷெரிஃப் ஆர்லோவைப் பிடித்து வைத்தார், ஆதாரம் இல்லை என்று விட்டார். ஊர் விடவில்லை.

பத்து வருடம் ஆனதும் அந்த முதல் பக்கச் செய்தியை என் பகுதியில் மறுபடி போட்டேன். அந்த வாரம் ஆர்லோ வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. சித்தி வீட்டில் வளர்ந்த ஜோலின் அதைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்க்க வருவதை நிறுத்தினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இருபத்தைந்து வருடம் ஆனபோது ஆர்லோவே என் வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்த வாட்டி அதைப் போடாத ஆர்டிஸ். எம் பொண்ணு எனக்குக் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பியிருக்கா," என்றார். பார்க்கலாம் என்றேன். போட்டேன். நடந்த செய்தியை மறைப்பது நியாயமா, சொல்லுங்கள்.

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே இதழின் ஐந்தாம் பக்கத்தில், கிழக்குச் சாலைச் செய்திகளில், பன்றி விலைக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. "வியாழன் பிற்பகல் திருமதி ஆர்லோ ப்ரெக்கியின் இல்லத்தில் மிஸ் ஆர்டிஸ் வாலன் காபி அருந்தினார்." மேவிஸ் இறந்ததும் அதே வியாழன் பிற்பகல். எழுதியது நான். அன்று மாலை வீட்டுக்குப் போய், வழக்கம் போல உட்கார்ந்து, வாரச் செய்தியோடு சேர்த்து எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். பத்திரிகை வந்த அன்றுதான் அச்சில் பார்த்தேன்.

யாராவது ஐந்தாம் பக்கத்தைப் புரட்டுவார்களா என்று பயந்தே ஐம்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். அழைப்பு மணி அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். தேவாலயத்தில் யாராவது திரும்பிப் பார்த்தால் ஜெபம் மறந்துபோகும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தூக்கத்தில் பேசிவிடுவேனோ என்ற பயம். அந்த வரியை வெட்டி எடுக்கக் கத்தரிக்கோலைப் பலமுறை கையில் எடுத்திருக்கிறேன். வெட்டவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

போன வசந்தத்தில் நூலகத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். மாநிலத் தலைநகரில் எங்கள் பத்திரிகையின் இன்னொரு பிரதி முழுசாக இருந்திருக்கிறது, அதைக் கணினியில் ஏற்றிவிட்டார்களாம். ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயர் வந்த எல்லாப் பக்கமும் வருமாம். ப்ரெக்கி என்று நானே தட்டிப் பார்த்தேன். இரண்டாவதாக வந்தது என் வரிதான்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஜோலின் வந்தாள். ஐம்பது வயது, அப்படியே மேவிஸின் தாடை. கையில் ஐந்தாம் பக்கத்தை அச்செடுத்துப் பிடித்திருந்தாள். உட்காரச் சொல்லி ஏலக்காய் ரொட்டி வெட்டினேன்.

அப்பா முதியோர் இல்லத்தில் இருக்கிறார், டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள், போய்ப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல்தான் பழைய பத்திரிகையைத் தேடினேன் என்றாள். அப்புறம் சொன்னாள்: "இந்த வரியப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அன்னைக்கு வேற ஒருத்தர் அந்த வீட்டுக்கு வந்திருக்காங்கன்னா, அப்பா மேல தப்பே இல்லாம இருக்கலாமேன்னு ஓடினேன். இத்தனை வருஷம் கழிச்சு அவர்கிட்ட பேசினதே இதுக்காகத்தான்."

"என்ன சொன்னார்?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அது ஆர்டிஸ் பாவம், சும்மா எழுதுறதுன்னு சொன்னார். உங்க வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்களாம், உங்களையும் யாரும் கூப்பிட மாட்டாங்களாம். அங்க விருந்து, இங்க காபின்னு நீங்களே உங்க பேரப் போட்டுக்குவீங்களாம். ஊர் முழுக்கத் தெரியுமாம். ஷெரிஃப்கூட இந்த வரியப் படிச்சிட்டு, ஆர்டிஸ் வேலைதான்னு சிரிச்சாராம். மேசையில ஒரே ஒரு கப்புதான் இருந்துச்சுன்னார் அப்பா. ஒரு நாள் முழுக்க உங்களச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியானால் ஊர் சொன்னதுதான் சரி போலிருக்கிறது, இனி அப்பாவைப் பார்க்கப் போகப்போவதில்லை, நாளைக் காலை ஊருக்குத் திரும்புகிறேன் என்றாள். ரொட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, நான் தப்பித்துவிட்டேன். ஐம்பது வருடம் முன்பே தப்பித்திருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை. அழைப்பு மணிக்கு இனி பயப்பட வேண்டாம். நீங்களும் என்னைத் தேடி வந்திருக்க மாட்டீர்கள். நானே காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

நடந்தது இதுதான். மேவிஸ் நல்ல காபி போட்டாள். இரண்டாவது கப் ஊற்றினாள். நிலவறையிலிருந்து பிளம் ஜாம் எடுத்து வருகிறேன் என்று கதவைத் திறந்து, படி வாசலில் நின்று திரும்பி, மிகவும் அன்பாகப் பேசினாள். "ஆர்டிஸ், ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு விருந்தாளிங்க வந்ததா எழுதியிருந்தியே, அவங்க யாரும் வரலைன்னு எனக்குத் தெரியும். பரவால்ல, யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இனிமே நானே ஞாயிறுதோறும் வர்றேன், சரியா?" என் தோளைத் தொட்டாள். அவள் முகத்தில் இருந்த இரக்கத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தள்ளினேன். கொஞ்ச நேரம் முனகல் கேட்டது, கதவைச் சாத்தினேன். என் கப்பைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன். குழந்தை அழ ஆரம்பித்தது. அழுதால் யாராவது வருவார்கள் என்று விட்டுவிட்டு வந்தேன்.

ஆர்லோ கண்ணை மூடுவதற்குள் அவர் பெயர் சுத்தமாக வேண்டும், ஜோலின் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதித் தருகிறேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. அவளுக்குப் போன் செய்வதானால் காலையில் செய்யுங்கள், இப்போது தூங்கட்டும்.

அதற்கு முன் பத்திரிகைக்குச் சொல்லிவிடுங்கள், நாளை அச்சுக்குப் போகிறது. திருத்தம் என்று முதல் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். அந்த வியாழக்கிழமை ப்ரெக்கி வீட்டுக்கு மிஸ் ஆர்டிஸ் வாலன் காபிக்குப் போனது உண்மை. நானாகப் போகவில்லை, மேவிஸ்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.