கலரிக்கு வராத சாட்சி

– ஏன் அக்கா பாராளுமன்றக் கலரிக்கு வரேல்லை? செயலாளர் எண்டு எனக்குத்தான் ஏச்சு. எம்பி ஐயா பேசேக்க மேல கையைக் காட்டி, ‘அதோ, நானாட்டானில இருந்து வந்த மங்கையற்கரசி, யுத்தத்தின் சாட்சி’ எண்டவர். சபையே நிமிந்து பாத்தது.

– ஆர் இருந்தது தம்பி?

– பள்ளிக்கூடப் பிள்ளையள். கையசைச்சுப்போட்டுதுகள்.

– பாவம், அதுகளாவது பேச்சைக் கேட்டிருக்குதுகள்.

– பகிடி விடாதைங்கோ. ஆயுத வியாபாரத்தைக் கட்டுப்படுத்த உலக உடன்படிக்கை இருக்கு, எங்கட நாடும் சேரவேணும் எண்டு ஐயா தொண்டை கிழியக் கத்தினவர். பேப்பர்காரன் ‘காணாமல்போன சாட்சி’ எண்டு போட்டிருக்கிறான்.

– இஞ்ச காணாமல்போனவையைத் தேடி ஒருத்தரும் வீட்டுக்கு வந்ததில்லை. என்னைத் தேடி நீர் மூண்டாம் நாளே வந்திட்டீர்.

– வாசலில விட்டிட்டுத்தானே நான் உள்ள போனனான். எங்க போனனீங்கள், கொழும்பு பாக்கவோ?

– ஓம். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணி திறந்த கிழமை வயலை விட்டிட்டு, எட்டு மணித்தியாலம் பஸ்ஸில போனது கடல் பாக்கத்தானே. மன்னாரில கடல் இல்லைப் பாரும்.

– அக்கா.

– வாசலில மிசின் ஒண்டு வச்சிருக்கினம். நான் போகக் கத்தினது. பொலிஸ் பிள்ளை சொல்லச் சொல்ல காப்பு, தோடு, சங்கிலி எல்லாம் கழட்டினன்.

– கொண்டையூசி?

– அதையும் கழட்டித் தலைவிரிகோலமா நிண்டனான். சாபம் போட வந்தவள் எண்டு பாத்தவை நினைச்சிருப்பினம்.

– பேந்து?

– கைமிசினை இடுப்பில வைக்கத் திரும்பவும் கத்தினது. செல் குண்டுத் துண்டு. ரெண்டாயிரத்தொன்பதில இருந்து உள்ள கிடக்கு. எடுத்தால் கால் விளங்காது எண்டு டொக்டர் விட்டவர்.

– எனக்குச் சொல்லேல்லையே.

– பட்டுச்சீலை இருக்கோ எண்டுதானே நீர் கேட்டனீர்.

– டொக்டரின்ர கடிதத்தைக் காட்டியிருக்கலாம்.

– அது வீட்டு அலுமாரிக்குள்ள. அவள் நல்ல பிள்ளை, கதிரை போட்டு பிளேன்ரீ தந்தவள். ஆனால் உள்ள விடச் சட்டமில்லையாம். அது கிடக்கட்டும். எங்களுக்கு அடிச்ச செல்லைச் செய்து வித்தது எந்த நாடு எண்டு சபையில கேக்கச் சொன்னனான். நான் போனதே அதுக்குத்தான். ஐயா கேட்டவரோ?

– நேரம் போதேல்லை. விவாதத்தையும் ஒத்திவச்சிட்டினம்.

– எனக்கு நெஞ்சு எரியுது தம்பி.

– விளங்குது அக்கா. தலைச்சுத்து, அதாலதான் வரேல்லை எண்டு போனில ஒரு வசனம் சொல்லுங்கோ, பதிஞ்சு பேப்பருக்குக் குடுக்கிறன். ஐயாவின்ர மானம் பிழைக்கும்.

– பொய் என்னத்துக்கு? உள்ளதைச் சொல்லுறன், பிடியும். ‘இந்தச் சாமானோட உள்ள வர அனுமதியில்லை’ எண்டு கொப்பியில எழுதி, என்னட்டைக் கையெழுத்து வாங்கினவை. அது நாட்டுக்குள்ள வரேக்கையும் எனக்குள்ள வரேக்கையும், ஒருத்தரும் ஒரு கையெழுத்தும் கேக்கேல்லை.