சாம்பல் நிறத் தலையணை உறை

ஐயா, பொறுமையாகக் கேட்க முன்வந்தமைக்கு நன்றி. தலையணை உறை வாங்குவது அத்தனை எளிய காரியமல்ல. அதிலிருந்தே தொடங்க அனுமதியுங்கள். வெள்ளை உறை வெளிச்சத்தை முகத்தின்மேல் திருப்பி அடிக்கும். ஒட்டிய கன்னத்தின் நிழலை அழித்துவிடும். ஆகவே அடர்ந்த சாம்பல் நிறத்தில் வாங்கினேன்.

அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது என் தொழில். "கண்ணைச் சிமிட்டாதீங்க, ஆடாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே என் இளமை தீர்ந்துபோனது. எடுத்த முகங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. மாலையில் கடையை மூடும்போது, காலையில் இதை எதற்காகத் திறந்தோம் என்று தோன்றும். அவ்வளவு அலுப்பு.

பிறகு அக்கா படுக்கையில் விழுந்தார். இதயம் பலவீனம், மூச்சுத்திணறல். எங்களுக்கு வேறு யாருமில்லை. கடை நேரம் போக நானே கவனித்துக்கொண்டேன். ஒரு பிற்பகல், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்த அந்த ஒடுங்கிய முகத்தைப் பார்த்தவுடன் கேமராவை எடுத்து வந்தேன். வாழ்நாளில் முதன்முறையாக, யாரும் கேட்காத ஒரு படத்தை எடுத்தேன். அன்று எனக்கு அலுப்புத் தெரியவில்லை.

படங்கள் கண்காட்சிக்குப் போயின. பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து மறுபடியும் அவற்றின் முன்னே நின்றார்கள். அக்காவுக்கும் பெருமைதான்.

"என் மூஞ்சிய வச்சுப் பேர் வாங்கிட்ட. எனக்கு ஒரு தலையணை உறைகூட வாங்கித் தரலியேடா" என்று சிரித்தார். மேற்சொன்ன உறையை அப்போதுதான் வாங்கினேன்.

"என்னடா இது, அடுப்படித் துணி மாதிரி" என்றார். ஆனாலும் அதில் தலைவைத்துப் படுத்துக்கொண்டார்.

அதன்பின் மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அக்கா தேறத் தொடங்கினார். கன்னம் நிரம்பியது, தாமே எழுந்து சன்னல்வரை நடந்தார். நான் மகிழ்ந்தேன், ஐயா. தயைகூர்ந்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கண்காட்சி நடத்துபவர் என் புதிய படங்களைப் புரட்டிவிட்டு, "அக்கா தேறிட்டாங்க போல. சந்தோஷம். ஆனா படத்துல ஒண்ணும் இல்லையே சார்" என்றார்.

அதே நிறத்தில், அதே அளவில், சத்து மாத்திரைகள் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. கண்ணாடி இல்லாமல் அக்காவுக்குப் பார்வை தெளியாது.

"டேய், மாத்திரை இப்பல்லாம் கசக்கவே இல்லையே."

"டாக்டர் மாத்தியிருக்கார்க்கா."

"கசக்காத மருந்து வேலை செய்யுமாடா?"

"செய்யும்க்கா."

செய்தது. சில வாரங்களில் நிழல் கன்னத்துக்குத் திரும்பி வந்தது. அடுத்த பரிசோதனையை நான் தள்ளிப்போட்டேன். கண்காட்சிக்காரர் என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

கடைசிப் பிற்பகலில் அக்கா மூச்சுக்குத் தவித்தார். "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போன் போடுடா" என்றார். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால், அந்த வெளிச்சம் அந்த அறையில் சிறிது நேரமே தங்கும்.

"ஆடாம இருக்கா, இதோ முடிஞ்சிடும்" என்றேன்.

மாத்திரையை மாற்றியதும் போனை எடுக்காததும் நான்தான், மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். அந்தக் கடைசிப் படம் சற்றே கலங்கியிருப்பதற்கு நான் காரணமல்ல. அவ்வளவு சொல்லியும் அக்கா அசைந்துவிட்டார்.