மூணு கையெழுத்து

கிருத்திகா: முன் வரிசையிலேயே உக்காரும்மா. சேர்ல உன் பேர் ஒட்டியிருக்கு பாரு.

சொர்ணம்: மினிஸ்டர் பக்கத்துலயா? ஆஸ்டின் டவுன் சந்துல இருந்து பஸ் ஏறி வந்தவளுக்கு இவ்ளோ பெரிய சோபாவா...

கிருத்திகா: நக்கல் போதும்.

சொர்ணம்: அந்தக் கோட்டு போட்டவங்க யாருடி?

கிருத்திகா: எங்க மிஷின் டிசைனை வாங்கித் தயாரிக்கப் போற கம்பெனி. இந்தப் பக்கம் டெல்லி டிஃபென்ஸ் ஆளுங்க. அப்புறம் எங்க யுனிவர்சிட்டி. மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் ஆர்மிக்குப் போகும்.

சொர்ணம்: பனியில புதைஞ்சவங்களைத் தேடுற மிஷின்...

கிருத்திகா: ம்.

சொர்ணம்: அதுக்கு உன் தம்பி பேரை வைக்கிறாங்களாமே. உன் லேப் சுனில் சொன்னாரு.

கிருத்திகா: இப்ப எதுக்கும்மா அது...

சொர்ணம்: வேற எப்ப? ஹரிஷ் போய் ஒரு வருஷமாச்சு. வீட்டுல அவன் பேரையே எடுக்க மாட்டேங்கற.

சுனில்: மேடம், ஸ்டேஜுக்கு வரீங்களா? ஆரம்பிக்கப் போறாங்க.

கிருத்திகா: நீங்க போங்க சுனில், வந்துடறேன்... அம்மா, மேல ஏறுறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

சொர்ணம்: சொல்லு.

கிருத்திகா: பார்டர் டியூட்டில அவன் மேல பனி சரிஞ்சப்போ... மிஷின் ரெடியாத்தான் இருந்துச்சு. டிரையல் முடிஞ்சு திரும்பி வந்து, என் லேப் பீரோவுல.

சொர்ணம்: பீரோவுல ஏன்டி?

கிருத்திகா: டிசைன் யாருக்குச் சொந்தம்னு மூணு பேருக்கும் தகராறு. அது தீர்ற வரைக்கும் வெளிய எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்கிக் கேட்டேன்மா. யாரும்... உன்கிட்ட மட்டும் இன்னும் வேலை முடியலன்னு பொய் சொல்லிட்டேன்.

சொர்ணம்: வேலை முடிஞ்சது எனக்குத் தெரியும் கிருத்தி.

கிருத்திகா: யார் சொன்னா?

சொர்ணம்: ஹரிஷ்தான்.

கிருத்திகா: அவனுக்கு எப்படித் தெரியும்? டிரையல் எந்த கேம்ப்புலன்னு எங்களுக்கே சொல்லலியே...

சொர்ணம்: அவன் கேம்ப்புலதான்டி. யாராவது ஒருத்தர் பனிக்குள்ள படுக்கணும், மிஷின் தேடுதான்னு பாக்கணும்னாங்களாம். அக்கா செஞ்சதுன்னு இவன்தான் போய்ப் படுத்திருக்கான். மூச்சு முட்டுறதுக்குள்ள கண்டுபிடிச்சு எடுத்துட்டாங்களாம். அன்னைக்கே போன் பண்ணான்... 'அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, திட்டுவா'ன்னு ஒரே சிரிப்பு.